பதினேழு கட்டங்களும் சஷ்டிகாவின் வண்டியும்

ஏப்ரல் 16, புதன்

இந்த டைரி உரக்கடைக்காரர் கொடுத்தது. தண்ணீர் பாய்ச்சிய நாள், தேங்காய் போட்ட நாள், மருந்தடித்த நாள் எழுதத்தான் வைத்திருக்கிறேன். சொந்த விஷயம் எழுதுகிற பழக்கம் எனக்கில்லை. இன்றைக்கு மட்டும் எழுதுகிறேன்.

மதியம் சஷ்டிகா வந்து சேர்ந்தாள். வான்மதியின் மகள், ஒன்பது வயது. பிப்ரவரியில் எனக்கும் வான்மதிக்கும் கல்யாணம் நடந்தபோது பள்ளிக்கூடம் நடுவில் இருந்ததால் திருப்பூரில் மாமா வீட்டிலேயே தங்கிவிட்டாள். இப்போது கோடை விடுமுறை. ஜூன் முதல் இங்கே ஆனைமலையில் படிப்பதா, திருப்பூரிலேயே இருந்துவிடுவதா என்று அதற்குள் முடிவாக வேண்டும். டி.சி. வாங்க மே முப்பதாம் தேதி கடைசி நாள்.

"அவ முடிவுதானுங்க. நான் ஒரு வார்த்த சொல்ல மாட்டேன்" என்று வான்மதி சொல்லிவிட்டாள். மாட்டு டாக்டர். உதைக்கிற எருமைக்குக்கூடக் கை நடுங்காமல் ஊசி போடுகிறவள். இதைச் சொல்லும்போது மருந்துப் பையை மூன்று தடவை திறந்து மூடினாள்.

குழந்தை இரண்டு பை கொண்டுவந்திருக்கிறாள். இரண்டையும் பிரிக்கவில்லை. நான் குளியலறைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்கும்போது, "அம்மா, பாத்ரூம் லைட்டு எங்கன்னு அவர்கிட்ட கேளு" என்றாள்.

எனக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை. மோட்டார் ரூம் பக்கத்துத் தென்னைகளில் வெள்ளை ஈ அதிகமாகத் தெரிகிறது.

ஏப்ரல் 18, வெள்ளி

கிழக்குத் தோப்புக்குத் தண்ணீர். இன்றும் 'அவர்'தான்.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஆழியாறு பக்கம் புதிதாகத் திறந்திருக்கும் விளையாட்டுப் பூங்காவுக்கு மூவரும் போனோம். ராட்டினம் வேண்டாம் என்றாள், ஐஸ்கிரீம் வேண்டாம் என்றாள். ஒரு மூலையில் ஏ.டி.வி. என்று சொல்கிறார்களே, பைக் மாதிரி கைப்பிடியும் நாலு தடித்த சக்கரமும் வைத்த வண்டி, அதில் சின்னச் சைஸ் ஒன்றைப் பிள்ளைகள் மண்மேட்டில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே போய் நின்றவள் நகரவில்லை. அவளுக்கு முன்னால் இருபது பேர் வரிசையில் இருந்ததால் முறை வருவதற்குள் பூங்காவை மூடிவிட்டார்கள்.

திரும்பும்போது என்னைப் பார்த்தே கேட்டாள். "அத எத்தன வயசுல இருந்து ஓட்டலாமுங்க?"

நாலு நாளில் என்னிடம் நேராகப் பேசிய முதல் வாக்கியம். எனக்கு என்ன ஆனதோ, "ஒம்பது வயசுல ஓட்டலாம். நம்ம தோப்புலயே ஓட்டலாம். ஒண்ணு வாங்கிருவோம்" என்று சொல்லிவிட்டேன்.

"சரிங்க" என்றாள். சந்தோஷமாகச் சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் வான்மதி என்னைக் கொட்டகைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள். "அவ அப்பன் மஸ்கட்ல இருந்து மூணு வருஷமா 'அடுத்த லீவுக்கு சைக்கிள்'னு சொல்லிட்டிருந்தான். அவளுக்கு 'வாங்கிருவோம்'னா என்னன்னு நல்லாத் தெரியும். உங்களால முடியலீன்னா இப்பவே முடியாதுன்னு சொல்லிருங்க. அத அவ தாங்கிக்குவா."

முடியும் என்றேன்.

"நீங்க மிக்ஸி வாங்க ஒன்றர வருஷம் யோசிச்சவருங்க."

அது தவறான தகவல். ஒரு வருஷமும் நாலு மாதமும்தான். அந்த மிக்ஸி இன்றுவரை ஒரு தடவைகூட ரிப்பேர் ஆனதில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

நோட்டு ஒன்று எடுத்து அட்டவணை போட்டிருக்கிறேன். வரிசைக்கு ஒரு வண்டி, மொத்தம் ஒன்பது. மேலே பதினைந்து கட்டம்: மாடல், எத்தனை வயதுக்கு, எடை, எவ்வளவு எடை தாங்கும், சீட் உயரம், பிரேக், சத்தம், வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்க்ரூ உண்டா, இழுத்தால் இஞ்சின் நிற்கும் கயிறு உண்டா, இப்படி. பதினைந்தாவது கட்டம் 'முடிவு'.

அந்தக் கயிறு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. வண்டியின் பின்னால் ஒரு சின்ன சாவி மாதிரி இருக்கும், அதில் கயிறு. பெரியவர்கள் ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடக்க வேண்டும். பிள்ளை தடுமாறினால் ஒரு இழுப்பு, இஞ்சின் அடங்கிவிடும். இப்படியொரு கயிறு வாழ்க்கையில் பல விஷயங்களுக்கு இருந்தால் தேவலை.

பதினாலு வீடியோ பார்த்தேன். வான்மதி எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, என்னைய கல்யாணம் பண்றதுக்கு முன்னாடியும் இப்படி ஒரு டேபிள் போட்டீங்களா?" என்றாள்.

போடவில்லை. போட்டிருந்தால் பயத்திலேயே கேட்டிருக்க மாட்டேன்.

ஏப்ரல் 24, வியாழன்

ஜமால் பாய் கடைக்கு நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். பம்ப் செட், டிராக்டர், டி.வி.எஸ். எதுவானாலும் அவர் கைதான். பள்ளிக்கூடத்தில் என் பெஞ்சில் உட்கார்ந்து என் கணக்கைப் பார்த்து எழுதியவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு கட்டமாகப் படித்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டே படித்தார் என்பது தெரிந்தது.

"ஏனுங் தண்டபாணி, சந்திரனுக்கு ராக்கெட் விடறீங்களா?"

பேட்டரியா பெட்ரோலா என்று கேட்டேன்.

"பேட்டரி சத்தம் போடாது, நல்லதுதான். ஆனா போர்டு போச்சுன்னா நானும் பாக்கோணும், நீங்களும் பாக்கோணும், ரெண்டு பேரும் பாத்துட்டே இருக்கோணும். பெட்ரோல்னா பிரிச்சு மாட்டிருவேன். வெளிநாட்டுல இருந்து பொட்டியில வருதே சல்லிசா, அதத் தொடாதீங்க. ஒரு நட்டு போனா வண்டியே போச்சு." நோட்டை மூடிக் கையில் கொடுத்தார். "எல்லாஞ் செரி, முக்கியமான கேள்விய விட்டுட்டீங்களே. எந்த வண்டியும் ஒரு நாளைக்கு நிக்கும். நின்னா யாரு வருவாங்க? அதக் கேட்டுட்டு வாங்குங்க."

பதினாறாவது கட்டம் சேர்த்தேன்: நின்றால் யார் வருவார்?

ஏப்ரல் 27, ஞாயிறு

கோயமுத்தூரில் ஒரு கடை. மூவரும் போனோம். நான் டேப் கொண்டுபோயிருந்தேன். சஷ்டிகாவின் கால் நீளம், கை நீளம், கட்டை விரல் நீளம் எல்லாம் அளந்தேன், ஏனென்றால் இந்த வண்டியில் கட்டை விரலால்தான் ஆக்ஸிலேட்டரை அமுக்க வேண்டும். அளக்க விட்டாள். தையல்காரரிடம் நிற்பதுபோல் கையை விரித்து நின்றாள். கடைக்காரப் பையன்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

எட்டு வயது முதல் பத்து வயது வரைக்கான வண்டி கச்சிதமாக இருந்தது. ஆனால் கடைக்காரர் பக்கத்தில் இருந்த பெரியதைக் காட்டி, "சார், வளர்ற புள்ள. ரெண்டே வருஷத்துல இது பத்தாம போயிரும். பெருசா எடுத்துருங்க, காலத்துக்கும் கெடக்கும்" என்றார்.

நியாயம்தானே? நான் ஒன்றாம் வகுப்பில் போட்ட அரைக்கால் சட்டையை நாலாம் வகுப்பு வரை போட்டேன். முதல் இரண்டு வருஷம் அரைஞாண் கயிற்றுக்குள் மடித்துச் சொருகியிருப்பார்கள். சரி என்று சொல்ல வாயெடுத்தேன்.

பெரிய வண்டிமேல் உட்கார்ந்திருந்த சஷ்டிகா மெதுவாக, "அம்மா, கால் எட்டலன்னு அவர்கிட்ட சொல்லு" என்றாள்.

"யூனிஃபார்ம்னா மடிச்சுத் தெச்சுக்கலாமுங்க" என்றாள் வான்மதி. "பிரேக்க எப்படி மடிச்சுத் தெக்கிறது?"

அன்றே முடிவெடுக்க முடியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். இன்னும் இரண்டு வண்டிகளுக்குத் தகவல் வர வேண்டியிருக்கிறது.

ஏப்ரல் 28, திங்கள்

நோட்டில் யாரோ பென்சிலால் பதினேழாவது கட்டம் ஒன்று போட்டிருக்கிறார்கள். குண்டு குண்டாக எழுத்து: 'எப்ப வரும்?'

நல்ல கேள்வி. விட்டுப்போயிருந்தது. டெலிவரி நாட்கள் என்பது முக்கியமான அம்சம். ஒன்பது வண்டிக்கும் நேரே பார்த்தேன். எழுத ஒன்றுமில்லை.

மே 3, சனி

தேங்காய் போட்டோம். காய் போன தடவையைவிடச் சிறுத்திருக்கிறது.

உடுமலையிலிருந்து ருக்குமணி அக்கா போன். என் கல்யாணத்துக்கு வந்து, சாப்பிட்டு, கடைசிவரை சிரிக்காமல் போன அக்கா. யார் சொன்னார்களோ, விஷயம் போய்விட்டது. "ஏன்டா தண்டா, பொட்டப்புள்ளைக்கு பைக்கா? விழுந்து கை கால் ஒடிஞ்சா நாளைக்கு உன்னயத்தான் சொல்லுவாங்க. அவளப் பெத்தவன் வாங்கிக் குடுக்கட்டும். உனக்கென்ன வந்துது?"

சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நாலு கோடு இருந்தது. நாற்பத்தாறு வருஷத்தில் அக்காவிடம் நான் போனை வைத்தது இதுதான் முதல் தடவை. மதியம் இரண்டு டம்ளர் மோர் குடித்தேன்.

மே 7, புதன்

முடிவாகிவிட்டது. எடுத்தது நான் இல்லை. காலையில் நான் மூன்றாவது வண்டிக்கும் ஏழாவது வண்டிக்கும் சங்கிலி மூடியை ஒப்பிட்டுக்கொண்டிருந்தபோது வான்மதி நோட்டைப் பிடுங்கினாள். "கால் எட்டுதா? எட்டுது. கயிறு இருக்குதா? இருக்குது. ஜமாலண்ணன் பிரிச்சு மாட்டுவாரா? மாட்டுவாரு. சாமான் கோயமுத்தூர்ல கெடைக்குதா? கெடைக்குது. அவ்வளவுதானுங்க வண்டி." அங்கேயே கடைக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டாள். சின்னப் பெட்ரோல் வண்டி, கியர் கிடையாது, சிவப்பு நிறம்.

நோட்டில் 'முடிவு' கட்டம் ஒன்பது வரிசைக்கும் காலியாகவே கிடக்கிறது. முறைப்படி எழுதியிருக்க வேண்டும்.

சஷ்டிகாவிடம் நானே போய், "பதினேழாந் தேதி வண்டி வருது" என்றேன். கையில் வைத்திருந்த கன்றுக்குட்டியின் கயிற்றைப் பார்த்துக்கொண்டு, "பாக்கலாமுங்க" என்றாள்.

மே 17, சனி

வரவில்லை.

காலையிலிருந்து நாலு தடவை போன் செய்தேன். லாரி வரலை என்றார்கள், சிவப்பு நிறம் ஸ்டாக் இல்லை என்றார்கள், கடைசியில் எடுக்கவே இல்லை. சஷ்டிகாவிடம் சொன்னேன். நான் சொல்லி முடிப்பதற்குள் "பரவால்லைங்க" என்றாள். அந்த வார்த்தையை ரெடியாக வைத்திருந்தாள். சிரிக்கவும் சிரித்தாள். அவள் அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவளுடைய பைகள் இன்னும் பிரிக்காமல் கட்டிலுக்குக் கீழே இருக்கின்றன. ஒரு பையின் ஜிப்பைக்கூட இழுத்து மூடியிருக்கிறாள்.

நான் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை, வேறொன்றுமில்லை.

மே 18, ஞாயிறு

பிக்அப் வண்டியை எடுத்துக்கொண்டு நேரில் கோயமுத்தூர் போனேன். ஞாயிற்றுக்கிழமை கடை லீவு என்பது கடை ஷட்டரைப் பார்த்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. பதினேழு கட்டம் போட்டவனுக்கு இது தோன்றவில்லை. வாட்ச்மேன் டீ வாங்கிக் கொடுத்தார். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை, உரம் வாங்கப் போனதாகச் சொன்னேன். "ஞாயித்துக்கெழம உரக்கடையுந்தான் லீவு" என்று வான்மதி சொன்னாள். அதற்குமேல் கேட்கவில்லை. ஆனால் சாப்பாட்டில் எனக்கு மட்டும் இரண்டு முட்டை.

மே 19, திங்கள்

கடை திறப்பதற்கு முன்பே வாசலில் நின்றேன். என்னைப் பார்த்ததும் கடைக்காரருக்கு முகம் மாறியது. சிவப்புக்கு இன்னும் பத்து நாள் ஆகும் என்றார். கோடவுனைத் திறக்கச் சொல்லி, இருந்த மஞ்சள் வண்டியை நானும் பிடித்துத் தூக்கி ஏற்றினேன். இடுப்பில் ஏதோ பிடித்துக்கொண்டது.

நாலு மணிக்கு வீடு. சஷ்டிகா கேட்டருகே நின்றிருந்தாள். மதியத்திலிருந்து அங்கேதான் நிற்கிறாள் என்று வான்மதி பிறகு சொன்னாள். "சும்மாதான் நின்னேன்" என்றாள் சஷ்டிகா.

"செவப்பு கெடைக்கல" என்றேன்.

வண்டியைச் சுற்றி ஒரு தடவை வந்தாள். கையை வைத்துப் பார்த்தாள். "மஞ்சளே நல்லாத்தான் இருக்குதுங்க. தோப்புக்குள்ள தூரத்துல இருந்தே தெரியும்."

மே 20, செவ்வாய்

செவ்வாய்க்கிழமை புது வண்டி எடுக்கக் கூடாதாம், பூஜை நாளைக்கு. மாலையில் எல்லோரும் உள்ளே டி.வி. பார்த்துக்கொண்டிருந்தபோது நான் வண்டியைச் சரிபார்த்தேன். வேகக் கட்டுப்பாட்டு ஸ்க்ரூவைத் தளர்த்திக் களத்தை இரண்டு சுற்றுச் சுற்றினேன். சோதனைக்காக மட்டும். மூன்றாவது சுற்றும் சோதனைதான்.

மே 21, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை பத்து மணிக்கு ருக்குமணி அக்கா வந்தாள். அழைக்கவில்லை, ஆனாலும் தேங்காய், சூடம், எலுமிச்சம்பழம் எல்லாம் அவளே கொண்டுவந்தாள். எத்தனை பழம் வைப்பது என்பதில் தகராறு. இது பைக், இரண்டு போதும் என்றேன். நாலு சக்கரம், நாலு பழம் என்றாள் அக்கா. ஜமால் பாயைக் கேட்டோம். "எனக்கெங்க தெரியும்? நான் மாட்டுனதுக்கு அப்புறம்தான் நீங்க நசுக்குவீங்க" என்றார். நாலு வைத்தோம்.

வாசலில் நார்க்கழிவு கொட்டிப் பரப்பிய இடம், கால் வைத்தால் மெத்தென்று அமுங்கும். அங்கேதான் வண்டி நின்றது. சஷ்டிகா ஹெல்மெட், முழங்கால் உறை, கையுறை எல்லாம் போட்டு உட்கார்ந்தாள். நான் கயிற்றை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். வீட்டுச் சட்டம் ஒன்று போட்டிருக்கிறேன்: கயிறு பிடிக்க ஆளில்லாமல் யாரும் வண்டியில் ஏறக் கூடாது. மெதுவாக நகர்த்தினாள். நகர்ந்தது. சக்கரம் ஏறி இறங்கியது.

நாலு எலுமிச்சம்பழமும் முழுசாக இருந்தன.

ஒரு கீறல் இல்லை. நார்க்கழிவுக்குள் அமுங்கி, வண்டி போனதும் மேலே எழும்பி, முட்டை மாதிரி உட்கார்ந்திருந்தன. ஜமால் பாய் குனிந்து பார்த்துவிட்டு, "இது பலூன் டயருங்க, காத்தே இருக்காது. கீழயும் மெத்த, மேலயும் மெத்த, நடுவுல பழம் தூங்குது" என்றார்.

அக்கா சிரிக்கவில்லை. "சகுனம் செரியில்ல" என்றாள். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "ஒட்டாதத ஒட்ட வெச்சா இப்படித்தான்" என்றாள்.

அவள் வண்டியைச் சொல்லவில்லை என்பது ஒன்பது வயதுக் குழந்தைக்கும் புரிந்தது. சஷ்டிகா இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றி சீட்டின் மேல் வைத்தாள். வான்மதியின் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. எனக்குக் கோபம் வந்தது. இதை எழுதும்போதும் வருகிறது.

"பாய், எத்தன கிலோ ஏறுனா பழம் நசுங்கும்?" என்று கேட்டேன்.

"தண்டபாணி, வேண்டாமுங்க. இந்த வண்டி அறுவத்தஞ்சு கிலோதான் தாங்கும். உங்க டேபிள்லயே நாலாவது கட்டம். நீங்க தொண்ணூறு."

"எண்பத்தேழு" என்று சொல்லி, வண்டியைப் பழைய இடத்துக்கே தள்ளிவிட்டு ஏறி உட்கார்ந்தேன். முழங்கால் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் வந்துவிட்டன.

அப்போது பின்னால் ஒரு குரல். "கயிறு?"

சஷ்டிகா. "யாராச்சும் புடிக்காம ஏறக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க?" கயிற்றை எடுத்து, நான் செய்த மாதிரியே மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.

அமுக்கினேன். பழங்கள் மூன்று ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன. நாலாவது தெறித்துப் போய் அக்காவின் பட்டுச் சேலையில் பட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் என் கட்டை விரல் குழந்தைகளுக்குச் செய்த அந்த இடுக்கில் மாட்டிக்கொண்டது. வண்டி களத்தைத் தாண்டிச் சாணிக் குழியை நோக்கி நேராகப் போனது. பிரேக் எங்கே என்பது பதினேழு கட்டத்தில் ஒன்றாக என் நோட்டில் இருந்தது, கைக்கு வரவில்லை. பின்னால் சஷ்டிகா ஓடிவருகிற சத்தம் கேட்டது. "விடாத கண்ணு! இழு! இழு!" என்று யாரோ கத்தினார்கள். இழுத்தாள். இஞ்சின் அடங்கியது. முன் சக்கரம் குழியின் விளிம்பில் நின்றது.

திரும்பிப் பார்த்தேன். மூச்சு வாங்க நின்றாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு சிரித்தாள் பாருங்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து சிரித்தாள். இத்தனை நாள் அந்தச் சிரிப்பை எங்கே வைத்திருந்தாளோ. "கண்ணு" என்று கத்தியது அக்காதான் என்று வான்மதி சொல்கிறாள். அக்கா மறுக்கிறாள்.

கால் வைக்கும் கம்பி வளைந்துவிட்டது. பாய் பத்து நிமிஷத்தில் தட்டி நேராக்கினார்.

இனி எழுதப் பிடிக்காததையும் எழுத வேண்டும். நேற்றுத் தளர்த்திய ஸ்க்ரூவை நான் மறுபடி இறுக்கவில்லை. சஷ்டிகா ஓட்டியபோதும் அது தளர்ந்துதான் இருந்தது. சாயங்காலம் அவளிடமும் வான்மதியிடமும் சொல்லிவிட்டேன். என் தப்புதான் என்றேன்.

"தெரியுமுங்க" என்றாள் சஷ்டிகா. "நேத்து ஜன்னல்ல இருந்து பாத்தேன். மூணு ரவுண்டு. அதான் நான் மெதுவாப் போனேன். ஸ்க்ரூ உங்க டேபிள்ல எட்டாவது கட்டம்."

நோட்டை முழுவதும் படித்திருக்கிறாள்.

மே 22, வியாழன்

ஸ்க்ரூவை இறுக்கி, இரண்டு தடவை சரிபார்த்து, மூன்றாவது தடவை அவளையே சரிபார்க்கச் சொன்னேன். கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் பதினோரு சுற்று ஓடினேன். வான்மதி ஜன்னலிலிருந்து, "வண்டி புள்ளைக்கா, உங்க தொப்பைக்கா?" என்று கேட்டாள். முழங்காலுக்குத் தைலம்.

மே 26, திங்கள்

நாலு நாளில் நன்றாக ஓட்டப் பழகிவிட்டாள். இன்று முதல் தடவையாகக் கயிற்றை விட்டேன். தோப்புக்குள் போகும் பாதையில் மட்டும், ரோட்டுப் பக்கம் கூடாது, பின்னால் யாரையும் ஏற்றக் கூடாது, ஹெல்மெட் கழற்றக் கூடாது என்று சொல்லி அனுப்பினேன். தென்னைகளுக்கு நடுவே மஞ்சள் போவது தெரிந்தது. சத்தத்தைக் கேட்டுக்கொண்டே மட்டை அடுக்கினேன்.

ஐந்து மணிவாக்கில் சத்தம் நின்றது.

ஓடினேன். செருப்பு ஒன்று வாய்க்காலில் போனது. தோப்பின் கடைசி மூலையில், வண்டிமேல், ஹெல்மெட்டோடு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுகை இல்லை, ஒன்றுமில்லை.

"அடி பட்டுச்சா சாமி?"

"இல்லீங்க. வண்டி நின்னுருச்சு."

"நடந்து வந்திருக்கலாமல்ல?"

"எதுக்கு? நீங்க வருவீங்கல்ல."

டேங்க்கைத் திறந்து பார்த்தேன். பெட்ரோல் தீர்ந்திருந்தது. காலையில் அரை லிட்டர்தான் ஊற்றியிருந்தேன், நிறைய ஊற்றினால் நிறையத் தூரம் போய்விடுவாள் என்று. அதையும் ஒப்புக்கொண்டேன். வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தோம். வழியெல்லாம் திட்டினாள். எனக்கு இன்னொரு செருப்பையும் வாய்க்காலில் விட்டுவிடலாம் போல இருந்தது, அவ்வளவு சந்தோஷம்.

மே 29, வியாழன்

நாளை காலை வான்மதியும் சஷ்டிகாவும் திருப்பூர் போகிறார்கள். டி.சி. வாங்கத்தானா, விட்டுவிட்டு வரவா என்று வான்மதிக்கே தெரியாது. "நான் கேக்க மாட்டேன்னு சொன்னேன், கேக்கலீங்க" என்கிறாள். இரண்டு பையையும் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

நானும் கேட்கவில்லை. கேட்கும் எண்ணமும் இல்லை. அவள் அறை வாசல் வரை மூன்று தடவை போனேன். ஒரு தடவை ஃபேன் ஓடுகிறதா என்று பார்க்க, ஒரு தடவை கொசுவத்தி கொடுக்க. மூன்றாவதுக்குக் காரணம் நினைவில்லை.

மே 30, வெள்ளி

காலை ஏழு மணி பஸ். சஷ்டிகா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கையாட்டினாள். மேற்குத் தோப்புக்குத் தண்ணீர் விட்டேன். கிழக்குத் தோப்புக்கும் விட்டேன், அதற்கு நாளைதான் முறை. வண்டிமேல் தார்ப்பாய் போட்டேன். எடுத்தேன். மறுபடி போட்டேன். மதியம் ஜமால் பாய் வந்து அரை மணி நேரம் என்னோடு உட்கார்ந்துவிட்டுப் போனார்.

மூன்றரை மணிக்குப் போன். வான்மதி நம்பர், ஆனால் குரல் சஷ்டிகா.

"உங்க தலை என்ன சைஸுங்க?"

"எதுக்கு?"

"ஹெல்மெட்டுக்கு. நீங்க போடாம ஓட்டுனீங்கல்ல அன்னிக்கு. கடையில நிக்கிறோம், சீக்கிரம் சொல்லுங்க. டி.சி. வாங்கியாச்சு, அம்மா அழுதுட்டே இருக்குது, நான்தான் பேரம் பேசிட்டிருக்கேன்."

ஹலோ, ஹலோ என்றாள்.

"சிக்னல் இருக்குது" என்றேன். "சொல்லு."

"அந்த நோட்டுல முடிவே எழுதாம வெச்சிருந்தீங்க. ஒரு வரி நெரப்பிட்டேன். பாத்துக்குங்க."

ஓடிப்போய் நோட்டை எடுத்தேன். ஒன்பது வண்டிக்குக் கீழே பத்தாவதாக ஒரு வரிசை, பென்சிலில், குண்டெழுத்தில். மாடல் என்ற இடத்தில் 'அப்பா, 1979' என்று இருந்தது. எடை 90. வேகம் கம்மி. சத்தம் அதிகம், தூங்கும்போது ரொம்ப அதிகம். ஸ்பேர் கிடைக்காது. ஸ்க்ரூ கொஞ்சம் லூஸ். கயிறு என்னிடம் இருக்கிறது. நின்றால் யார் வருவார் என்ற கட்டத்தில், 'இவரே வருவார், ஒரு செருப்போடு.' எப்ப வரும் என்பதற்கு, 'ரெண்டு நாள் லேட். ஆனா வரும்.'

முடிவு: 'இதுதான்.'

அழுதேன். தண்ணீர் முறை எழுதுகிற டைரியில் பொய் எழுதக் கூடாது.

எடை மட்டும் தப்பு. எண்பத்தேழு. வந்ததும் திருத்தச் சொல்ல வேண்டும்.